வரம்பும் தாழ்மையும்

தமிழில் வரம்பு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. எல்லை என்பது ஒன்று. வயலிலே நீரைத் தாங்கி நிற்கும் மண்ணணை என்பது மற்றொன்று. எல்லை தடுப்பது, வயல் வரம்போ காப்பது. வரம்பில்லாத வயலில் நீர் நில்லாது. நீர் நில்லாத வயலில் நெல் விளையாது. கமக்காரர் நாள்தோறும் மண்வெட்டியால் உணரும் இவ்வுண்மையைச் சமயச் சான்றோர் மனித வாழ்வுக்கும் பொருத்திக் கூறினர். கிறித்தவ சமயம் தாழ்மை எனப் போற்றும் நற்குணம் இவ்வுண்மையின் விரிவே எனலாம்.

வன்னிப் பெருநிலத்தின் நடுவே, கிளிநொச்சிக்கு அண்மையில் அமைந்துள்ளது இரணைமடுக் குளம். இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. கனகராயன் ஆறு தெற்கேயிருந்து காடுகளூடே வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளக் கடனீரேரியிற் கலக்கும் வழியில் இக்குளம் அந்நீரைத் தடுத்துத் தேக்குகின்றது. 1885 அளவில் ஹென்றி பாக்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் இங்கு ஒரு பெருங்குளம் அமைப்பதற்குத் திட்டம் வரைந்தார். 1902இல் வேலை தொடங்கியது. 1920 அளவிலேயே நிறைவெய்தியது. பின்னர் 1950களிலும் 1970களிலும் அணை உயர்த்தப்பட்டது. அதன் பயனாகக் குளத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 13 கோடி கனமீற்றர் ஆயிற்று. 2010களிலே மீண்டும் திருத்தப்பெற்று அது மேலும் பெருகியது.

இத்துணைப் பெரிய குளமாயினும் அதற்கு ஓர் அளவு உண்டு. காலபோகத்திற்கு மாரி மழை துணை செய்யும். சிறுபோகம் வரும்போது குளத்தில் எஞ்சிய நீரே கதி. அப்பொழுது கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒன்றுகூடி, எத்தனை அடி நீர் நிற்கின்றது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும் எனக் கணக்கிட்டு, அவ்வளவு நிலத்தில் மட்டுமே விதைப்பதெனத் தீர்மானிப்பர். தத்தம் காணி முழுவதையும் விதைக்கும் ஆசை எவருக்கும் இல்லாமல் இல்லை. ஆயினும் அனைவரும் முழுதும் விதைத்தால் அனைவர் பயிரும் கதிர் ஈனுமுன் காயும். குறைவாக விதைக்க உடன்படுவதே நிறைவாக அறுப்பதற்கு வழி. தோல்வியை ஒப்புக்கொள்ளுதல் என இதனைக் கூறுவார் உளரோ? உண்மையை ஒப்புக்கொள்ளுதல் என்பதே பொருந்தும்.

கிறித்தவ சமயம் தாழ்மை பற்றிக் கூறுவதும் இத்தகையதே. பழைய ஏற்பாட்டில், வானத்தை எட்டும் கோபுரம் ஒன்றைக் கட்டித் தமக்குப் பெயர் தேட முயன்ற பாபேல் மக்களின் கதை உண்டு. அவர்கள் செங்கல் சுட்டது குற்றமன்று, கட்டியதும் குற்றமன்று. தாம் படைக்கப்பட்டவர் என்பதை மறந்ததே குற்றம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலத்தே வட ஆபிரிக்காவில் ஆயராக விளங்கிய புனித அகுஸ்தீனார், செருக்கே பாவத்தின் தோற்றுவாய் என விளக்கினார். மனிதன் தன்னைத் தானே தனக்கு ஆதாரமாகக் கொள்ள முற்படுதலே செருக்கு என்பது அவர் கருத்து. இலத்தீன் மொழியில் தாழ்மையைக் குறிக்கும் சொல், மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தாழ்மையுடையோன் என்பான் தன் கால் மண்ணில் நிற்பதை அறிந்தவன். வள்ளுவரும் அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார் என்பதை எண்ணும்போது, இக்குணத்தின் அருமையைத் தமிழ் மக்கள் எந்த நாட்டாரிடமிருந்தும் கடன்பெற வேண்டியதில்லை என்பது விளங்கும்.

எனினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. எல்லையை ஏற்றுக்கொள் எனக் கூறுவது வலியோர்க்கு வாய்ப்பாகவும் எளியோர்க்குச் சுமையாகவும் முடியாதோ? நீ தாழ்ந்தவன், உன் நிலை இறைவன் விதித்தது, அதிலேயே கிட என்று ஒருவரை மற்றொருவர் அடக்குவதற்குத் தாழ்மை என்னும் போதனை கருவியாகாதோ? வரலாற்றில் அவ்வாறு ஆனதுண்டு. ஆதலின் இறைவன் வைத்த வரம்பு எது, மனிதன் போட்ட வேலி எது எனப் பிரித்தறிதல் வேண்டும். இப்பகுப்பைத் தம் வாழ்வினாலே காட்டியவர் ஒருவர் ஈழநாட்டின் வரலாற்றிலே உளர். அவரே யோசப் வாஸ் அடிகளார்.

கோவா நாட்டின் பெனோலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் அவர் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆகத்து 5ஆம் நாள், தம்மை அன்னை மரியாளுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் ஆவணம் எழுதி வைத்தார். மனிதர் மனிதரை விலைக்கு வாங்கிய காலம் அது. அக்காலத்தில் ஒருவர் தாமே விரும்பி இறைபணிக்கு அடிமைச்சீட்டு எழுதியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. இவ்வடிமைத்தனம் அவரை மனிதருக்கு அஞ்சுபவராக ஆக்கவில்லை. ஒருவர்க்கே அடிமை எனத் தீர்மானித்தவர் வேறு எவர்க்கும் அடிமையாதல் இல்லை.

அந்நாளிற் கோவாவில் இருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் நாட்டவரைப் பொதுவாகத் தம்முட் சேர்ப்பதில்லை. இது மனிதன் போட்ட வேலி. நாட்டுக் குருமார் சிலர் 1682இல் ஒன்றுகூடித் தமக்கெனத் துறவு வாழ்க்கை ஒன்றை வகுத்துக்கொண்டனர். 1685இல் யோசப் வாஸ் அடிகளார் அவர்களோடு சேர்ந்தார். அவர்கள் புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய சபையாக வளர்ந்தனர். கிறித்தவராகிய அந்தணர் மரபினரை மட்டுமே அச்சபை நெடுங்காலம் சேர்த்துவந்தது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. ஐரோப்பியரின் இனச்செருக்கால் புண்பட்டவரிடத்தே குலச்செருக்கு குடிகொண்டிருந்தது. செருக்கு அத்துணை நுட்பமானது. ஒரு வாயிலை அடைத்தால் மறு வாயிலால் நுழையும்.

இப்பின்னணியிலே அடிகளார் செய்த செயலின் பெருமை புலனாகும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருமாரை வெளியேற்றினர், அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்குக் கடுந்தண்டனை விதித்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஈழத்துக் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றி இருந்தனர். இச்செய்தி கேட்ட அடிகளார், 1687இல் கூலியாளின் கோலத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். உயர்குலத்திற் பிறந்து இலத்தீனும் இறையியலும் கற்றவர், நோயுற்ற உடலோடு, வீடுதோறும் இரந்து உண்டார். தமிழ் பயின்றார். சில்லாலையைத் தம் பணிக்கு நிலைக்களனாக்கி, இரவிலே மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தினார்.

கத்தோலிக்க வழிபாடு இம்மண்ணில் நிகழலாகாது என்று ஒல்லாந்தர் விதித்த எல்லையை அவர் ஏற்கவில்லை. தம் குலம், தம் கல்வி, தம் உடல்நலம் என்பவற்றில் உரிமை கொண்டாடாமையே அவர் ஏற்ற தாழ்மை. பிறர்க்குரிய உரிமையை விட்டுக்கொடுப்பது தாழ்மையன்று. தமக்குரிய பெருமையை விட்டுக்கொடுப்பதே தாழ்மை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டிற்குக் கூடியோரை ஒல்லாந்த அதிகாரிகள் சுற்றிவளைத்துப் பலரைச் சிறைப்படுத்தினர். அடிகளார் அகப்படவில்லை. மக்களுக்கு மேலும் இடர் நேராதிருத்தற் பொருட்டு அவர் பின்னர் புத்தளம் நோக்கிச் சென்றார்.

வன்னி நாடும் இவ்வரலாற்றில் இடம்பெறுவது. ஒல்லாந்தரின் ஆணை கரையோரக் கோட்டைகளில் வலுவாக இருந்ததேயன்றி, வன்னிக் காடுகளில் அத்துணை வலுவாக ஊன்றவில்லை. 1670 அளவில் மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தாம் வணங்கிய அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குட் புகுந்தன என்றும், அதுவே மடுத் திருப்பதியின் தொடக்கம் என்றும் மரபு கூறும். கோயில் இழந்த மக்களுக்குக் காடே கோயிலாயிற்று. மழை பெய்தாற் குடிப்பதும் பெய்யாவிட்டால் தோண்டுவதுமாகிய அந்நிலத்து வாழ்க்கை, மனித வலிமையின் எல்லையை நாள்தோறும் நினைவூட்டியிருக்கும்.

1692இல் அடிகளார் கண்டி இராச்சியத்தை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். சிறையிலே சிங்களம் பயின்றார். பின்னர் நாட்டிலே கடும் வறட்சி நேர்ந்ததாகவும், இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் காலத்தில் அடிகளார் வெளியிடத்தே பீடம் அமைத்து வேண்டியபோது மழை பொழிந்ததாகவும் கத்தோலிக்க மரபு போற்றுகின்றது. அற்புதத்தை நம்புவோர் நம்புவர்; ஏனையோர் அதனை மரபுச் செய்தியாகக் கொள்வர். எவ்வாறு கொள்ளினும் ஓர் உண்மை எஞ்சும். வேண்டுதல் வேறு, கட்டளை வேறு. மழையைப் பெய்விப்பேன் என்று முழங்குவது செருக்கு. என்னால் இயலாதது இது என்று கைகூப்புவது வேண்டுதல்.

1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியது. அரசவையினரும் குடிகளும் அஞ்சி ஓடினர்; நோயுற்றோர் வழியோரங்களிலும் காடுகளிலும் கைவிடப்பட்டனர். அடிகளார், அண்மையில் வந்து சேர்ந்திருந்த தம் மருகர் யோசப் கார்வாலோ அடிகளோடு, சமயவேறுபாடு கருதாது நோயாளரைத் தேடிச் சென்று, குடிசைகளிற் கிடத்தி, புண் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தார். பெரியம்மைக்கு அந்நாளில் மருந்தில்லை. எட்வேட்டு ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையை ஆராய்ந்து கண்டது 1796இலேயே. அதற்கு நூறாண்டு முன்னே வாழ்ந்த அடிகளாரால் நோயை ஒழிக்க இயலவில்லை. ஆயினும் ஒழிக்க இயலாது என்பதைக் காரணமாக்கி அவர் சும்மா இருக்கவில்லை. எல்லையை ஏற்றல் என்பதன் பொருள் இங்கேதான் தெளிவாகின்றது. முடியாததை எண்ணிக் கலங்காமலும், முடிந்ததைச் செய்யாது விடாமலும் இருத்தலே அது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாப்பரசரின் தூதராகக் கீழைநாடுகளுக்கு வந்த தூர்னோன் ஆண்டகை, அடிகளாரை ஆயராக்க விரும்பினார். அடிகளார் அதனை ஏற்கவில்லை. பதவியை மறுப்பதனாலேயே ஒருவர் தாழ்மையுடையவராகிவிடார். மறுப்பிலும் பெருமை தேடுவோர் உளர். அவரோ மறுத்தபின்னர் முன்போலவே ஊரூராக நடந்தார். தமக்கு இல்லாத திறன் பிறரிடம் இருந்தால் அதற்கு வழிவிட்டார். 1705இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், மொழியாற்றல் மிக்கவராய்த் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். முன்னவர் உழுதார், பின்னவர் விதைத்தார். தாமே எல்லாம் செய்து முடிக்க வேண்டும் என எண்ணாதவர்க்கே தகுந்த வழித்தோன்றல்கள் வாய்ப்பர்.

இருபத்துநான்கு ஆண்டு உழைத்து, தாயகம் திரும்பாமலே, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் அவர் காலமானார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இன்று உறுதியாக அறியப்படவில்லை. பெயர் தேடிக் கோபுரம் எழுப்பியோர் சிதறினர் எனப் பாபேற் கதை கூறும். கல்லறையும் இல்லாத இவ்வடிகளாரின் பெயரோ நிலைத்தது. 1995இல் கொழும்பில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலையை வழங்கினார். 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைத் திருச்சபை கண்ட முதற் புனிதர் அவரே.

இரணைமடுவின் அண்மைக்கால வரலாறும் இதே பாடத்தை மண்மொழியிற் கூறுகின்றது. யாழ்ப்பாணத்தின் குடிநீர்த் தேவைக்கு இக்குளத்து நீரைக் குழாய்வழி கொண்டுசெல்லத் திட்டம் எழுந்தபோது, தம் வயல்கள் வறளும் எனக் கமக்காரர் அஞ்சினர். யாழ்ப்பாணத்தாரின் தாகமும் உண்மை. கிளிநொச்சிக் கமக்காரரின் அச்சமும் உண்மை. ஒரு குளம் இருவர் தேவையையும் முழுதும் தீர்க்க இயலாது என்பது உணரப்பட்டபோது வேறு வழி தேடப்பட்டது. தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. எல்லையை மறுத்திருந்தால் பகையே மிஞ்சியிருக்கும். எல்லையை ஒப்புக்கொண்டமையால் புதுவழி பிறந்தது.

2018ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியிற் பெய்த பெருமழையில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே கிராமங்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. ஒரு நூற்றாண்டு உழைப்பால் உயர்த்திய அணைக்கும் மழையின் அளவைத் தீர்மானிக்கும் ஆற்றல் இல்லை. இதனால் அணை கட்டியது வீண் என்பார் யார்? அணை வேண்டும், அந்த அணைக்கு வானும் வேண்டும். நீர் தன் அளவை மீறும்போது வழிந்து செல்வதற்கென வைத்த வழியே வான். வானில்லாத குளம் எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருந்தாலும் ஒருநாள் உடையும்.

மனித உள்ளமும் அத்தகையதே. அறிவு, பதவி, செல்வம், பக்தி ஆகிய எதுவும் உள்ளத்தில் நிறையலாம். நிறைந்தது பிறர் வயலுக்குப் பாய வழி இருத்தல் வேண்டும். அவ்வழிக்கே தாழ்மை என்று பெயர். இறைவன் வைத்த வரம்பை அறிந்து நிற்பதும், மனிதன் போட்ட வேலியைக் கண்டு அஞ்சாதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கூலிக்கோலத்தில் இம்மண்ணில் நடந்த அடிகளாரின் வாழ்வு இவ்விரண்டையும் ஒருங்கே காட்டிற்று.