போவூலி - முப்பத்தொரு வருடப் பழக்கம்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மாவி என்று ஒரு தீவு. 1973ல் அங்குள்ள ஹலேயாகாலா எரிமலையின் வடகிழக்குச் சரிவில், மழை விடாத காட்டுக்குள் ஹவாய் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஆய்வுக்காகப் போயிருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு குருவி! பழுப்பு உடம்பு, குட்டை வால், முகத்தில் முகமூடி மாட்டியது போலக் கறுப்பு. நீளம் 14 சென்டிமீட்டர்தான்.

அதுவரை தெரிந்த எந்தப் பேரினத்திலும் அது அடங்கவில்லை. அதற்கென்றே புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. ஹவாய் மக்கள் அதை எப்படி அழைத்தார்கள் என்பதும் யாருக்கும் நினைவில்லை. மேரி கவேனா புகுயி என்ற ஹவாய் மொழி அறிஞர்தான் 'போவூலி' என்று பெயர் வைத்தார். 'கறுந்தலை' என்று பொருள். மரக்கிளைகளில் நத்தை பொறுக்கித் தின்பது அதன் பழக்கம்.

ஈரக்காடுதான் அதன் சொந்த ஊர் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தீவின் வறண்ட பக்கத்தில், இன்னும் தாழ்வான இடங்களில் அதன் பழைய எலும்புகள் கிடைத்தன. அப்படியானால் மாணவர்கள் பார்த்தது ஓர் அகதியை!

துரத்தியது யார்? காடுகள் அழிந்தன, எலிகள் வந்தன, பன்றிகள் தரையைக் கிளறின. எல்லாவற்றையும் விட மோசமானது கொசு. ஹவாயில் கொசுவே கிடையாது. 1826 வாக்கில் கப்பல் தண்ணீரோடு அது வந்து சேர்ந்தது. பிறகு பறவை மலேரியாவும் பரவியது. எதிர்ப்புச் சக்தியே இல்லாத பறவைகள் செத்து விழுந்தன. கொசு ஏற முடியாத குளிர்ந்த உயரத்தில் இருந்தவை மட்டும் பிழைத்தன.

1997ல் தேடியபோது மிஞ்சியவை மூன்றே மூன்று. அதிலும் கொடுமை, மூன்றும் தனித்தனி எல்லைகளில் வாழ்ந்தன. ஒன்றை ஒன்று பார்க்கவே வழியில்லை. பிடித்து வளர்க்கலாமா, காட்டிலேயே விடலாமா என்று விவாதம் நடந்தது. பிடித்தால் செத்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பறவைகளுக்கு வயதாகிக்கொண்டே இருந்ததே!

2002ல் பெண் என்று கருதப்பட்ட ஒன்றைப் பிடித்து, ஆண் இருந்த இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அது ஒரே நாளில் தன் பழைய இடத்துக்கே பறந்துவிட்டது. 2004 செப்டம்பரில் வயதான ஆண் ஒன்று பிடிபட்டது. ஒரு கண்தான் தெரியும். ஜோடி தேடிக் காட்டில் அலைந்தார்கள். கிடைக்கவில்லை. நவம்பர் கடைசியில் கூண்டிலேயே அது இறந்தது. உடலில் மலேரியா இருந்தது. திசுக்களை உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

மற்ற இரண்டையும் அதன்பின் யாரும் பார்க்கவில்லை. 2019ல் இனமே அழிந்ததாக அறிவிப்பு வந்தது. 2023ல் அமெரிக்க அரசும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியது.

அதே 2023 நவம்பரில் மாவி காடுகளில் ஆண் கொசுக்களைக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். இவை கடிக்காது. இவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. இந்த முயற்சி, அதே காட்டில் இன்னும் மிஞ்சியிருக்கும் கிவிகியு போன்ற குருவிகளுக்காக.