வேட்டை நாய் கற்ற பாடம்

ஜொகூரின் வரலாறு காட்டோடு பின்னிப் பிணைந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிளகும் காம்பிரும் பயிரிடக் காடுகள் அழிக்கப்பட்டபோது, மனிதரும் புலியும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. 1847இல் ஜே. ஆர். லோகன், ஜொகூரின் ஓராங் பினுவா மக்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அப்பூர்வகுடியினரின் வேட்டைக்கு ஈட்டியும் நாயும் துணையாயின. பின்னாளில் இரப்பர்த் தோட்டத் தமிழரும் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய்களை அழைத்துச் சென்றதுண்டு.

பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். ஆதலின், இளநாய் முதலில் பழகிய நாயோடு ஓட விடப்பட்டது. பாய்ந்து கவ்வாமல், எட்ட நின்று குரைத்து மடக்குவது முதற்பாடம். தலைவனின் சீழ்க்கை கேட்டதும் திரும்புவது அடுத்த பாடம். அடங்கக் கற்ற நாயே வீடு திரும்பியது.

புலியிடமோ இப்பாடங்கள் செல்லா. புலிக்கு நாய் இரை. புலி நடமாடும் காட்டில் நாயை அவிழ்த்து விடாமையே காவல்.

இன்று புலிக்கும் காவல் தேவைப்படுகிறது. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பின்படி, மலேசியக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருந்தன. 2019இல் திரங்கானு மாநிலத்தின் டுங்குன் வட்டாரத்தில் ஊருக்குள் வந்து பிடிபட்ட புலியொன்று, நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் நோயால் மாண்டது. புலியின் பல்லுக்கு நாய் அஞ்சிய காட்டில், நாயின் நோய்க்குப் புலி இரையாகும் காலம் வந்துவிட்டது.

நாய்க்குத் தடுப்பூசி இடுவதும் அதனைக் காட்டில் திரியவிடாமையும் இருவகை உயிரையும் காக்கும். அன்று நாய் கற்ற அடக்கத்தை, இன்று அதனை வளர்ப்போரும் கற்றாக வேண்டும்.