பாதியில் நின்ற கல்வெட்டு

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம், கடைப்பக்கமே எட்டிப் பார்க்க முடியல. இன்னைக்கு வந்திருக்கேன்னா அதுக்குக் காரணம் எங்க பெரியப்பா.

எங்களுக்கு உத்திரமேரூர் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். போன வருஷம் லீவுல விளையாட்டா ஒரு ஐபோன் ஆப் எழுதினேன். உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுல இருக்கிற விதிகளை இன்றைய தமிழ்ல சுருக்கி, ஒரே திரையில கொடுக்கிற ஆப். என் பழைய போனைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தப்ப, அதையும் அதுலயே போட்டுக் கொடுத்தேன். அவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். செட்டிங்ஸ்ல எழுத்து அளவைப் பெருசாக்கி வச்சுக்கிட்டார்.

அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்துல எழுந்து நின்னு அதைப் படிச்சிருக்கார் மனுஷன். நிலம், வீடு, வயசு, படிப்புன்னு வரிசையா வந்து, அங்கேயே நிறுத்திட்டார். கூட்டத்துல ஒருத்தர், "கணக்கு காட்டாதவன் நிக்கவே கூடாதுன்னு ஒண்ணு உண்டே, ஸ்கூல்ல படிச்சிருக்கோமே?"ன்னு கேட்டிருக்கார். பெரியப்பா திரையை இழுத்துப் பார்த்திருக்கார். அது ரப்பர் மாதிரி கொஞ்சம் வந்து, திரும்பிப் போயிடுச்சு. "அப்படி ஒண்ணும் கல்வெட்டுல இல்லப்பா. என் தம்பி மவன் பாத்துப் பாத்துப் போட்டிருக்கான்"னு அடிச்சுச் சொல்லிட்டார். கேட்டவர் உட்கார்ந்துட்டார்.

அந்த விதி கல்வெட்டுல இருக்கு. நான் ஆப்லயும் எழுதியிருந்தேன். என் திரைதான் அதை முழுங்கிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி போன்ல, "ஏம்ப்பா, அதை நீ விட்டுட்டியா?"ன்னு அவர் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஒரு திரை ஏன் நகரணும், எப்ப நகராம நிக்கும், இதையெல்லாம் யார் எப்போ யோசிச்சாங்கன்னு தோண்டிக்கிட்டே போனேன். தோண்டினதை இங்கே கொட்டுறேன்.

முதல்ல நம்ம ஊர்க் கல்வெட்டு. தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ரெண்டு இருக்கு. ஒண்ணு அவனோட 12-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. இன்னொண்ணு 14-ஆம் ஆட்சியாண்டு, 921. ஊர் 30 குடும்பு, அதாவது இன்னைக்கு வார்டுன்னு வச்சுக்கலாம். தகுதியானவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லணும். ஓலையை வாங்குற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையிலதான் வாங்கணும். கைக்குள்ள வேற ஓலையை ஒளிச்சு வச்சு மாத்திடக் கூடாதுல்ல! இப்படித் தேர்ந்தவங்கள்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

நிக்கிறதுக்குத் தகுதியும் உண்டு. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதப் படிப்பு வேணும். அது பிராமணர்களுக்குத் தானமாக் கொடுத்த ஊரோட சபை. பெண்களுக்கோ நிலமில்லாதவங்களுக்கோ இடமில்ல. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஜனநாயகம்"னு ஸ்டேட்டஸ் போடும்போது இதையும் சேர்த்துப் போடணும்கிறது என் கருத்து.

ஆனா கணக்கு விஷயத்துல அந்தச் சபை கறார். வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் நிக்க முடியாது. அவன் மட்டுமில்ல, பெரியம்மா சின்னம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மச்சான், மருமகன்னு ஒரு பட்டாளமே நிக்க முடியாது. பெரியப்பா திரையில காணாமப் போனது இந்தப் பகுதிதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கல்வெட்டு படிக்கிறப்ப சுவர் நகராது, நாமதான் நகரணும். போன்ல விரலால தள்ளுறப்ப எழுத்து மேலே போற மாதிரி தெரியுது இல்லையா? உள்ளே நடக்கிறது சுவர்க் கதைதான். ஸ்க்ரோல் வியூங்கிறது ஒரு ஜன்னல். அதுக்கு ரெண்டு அளவு. ஜன்னலோட அளவு ஒண்ணு, ஜன்னலுக்குப் பின்னாடி இருக்கிற சுவரோட அளவு ஒண்ணு. விரலை நகர்த்தினா, சுவரோட எந்த இடத்துல இருந்து பார்க்கிறோம்கிற புள்ளி மட்டும் மாறும். சுவர் ஜன்னலை விடப் பெருசா இருந்தாத்தான் நகர்றதுக்கே வேலை.

ஐபோனே இந்த நகர்தல்ல இருந்து பொறந்ததுன்னு சொல்லலாம். ஆப்பிள்ல முதல்ல யோசிச்சது டேப்லட். அதுக்காக பாஸ் ஓர்டிங்ங்கிற டிசைனர் உருட்டிக் காட்டின பட்டியல், விரலை எடுத்த பிறகும் வேகம் குறைஞ்சு குறைஞ்சு ஓடி நின்னுச்சு. கடைசிக்குப் போனா ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பி வந்துச்சு. அதைப் பார்த்ததும்தான் இதை வச்சு போனே செய்யலாமேன்னு தோணுச்சுன்னு ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-ல ஒரு மேடையில சொன்னார். 2007 ஜனவரி 9-ஆம் தேதி ஐபோன் அறிமுகத்துல பாட்டுப் பட்டியலை விரலால தள்ளிக் காட்டினப்ப கூட்டம் வாயைப் பிளந்தது இதுக்குத்தான்.

அந்த ரப்பருக்கு ஒரு காரணம் உண்டு. பட்டியல் முடிஞ்ச இடத்துல சடார்னு நின்னா, போன் உறைஞ்சு போச்சோன்னு சந்தேகம் வரும். கொஞ்சம் இழுபட்டுத் திரும்பினா, "நான் உயிரோடதான் இருக்கேன், விஷயம் இதோட முடிஞ்சுது"ன்னு அர்த்தம். இதுக்கு 2008 டிசம்பர்ல அமெரிக்காவுல காப்புரிமை கிடைச்சது. சாம்சங் மேல ஆப்பிள் போட்ட வழக்குல, 2012 ஆகஸ்ட்ல ஜூரி 100 கோடி டாலருக்கு மேல நஷ்டஈடு கொடுக்கச் சொன்னப்ப, மீறப்பட்டதா சொன்ன காப்புரிமைகள்ல இந்த ரப்பரும் ஒண்ணு. தொகை அப்புறம் குறைஞ்சு, 2018-ல ரெண்டு பேரும் சமாதானமாப் போனாங்க.

பெரியப்பாவை நம்ப வச்சதும் அந்த ரப்பர்தான். உள்ளே சரக்கு கம்மியா இருந்தாலும் இழுபடட்டும்னு, அழகுக்காக ஒரு வரி எழுதி வச்சிருந்தேன். "முடிஞ்சுது"ன்னு அது சொல்லிச்சு. அவர் நம்பிட்டார்.

ஜன்னல் கதை இதோட போதும். சுவரோட அளவை யார் கணக்குப் போடுறது?

ஆரம்பத்துல கவலையே இல்ல. 2008-ல வெளியாட்கள் ஆப் எழுத ஆப்பிள் கதவைத் திறந்தப்ப எல்லா ஐபோனுக்கும் ஒரே திரை, 320-க்கு 480. பொத்தானை எங்கே வைக்கணும்னு எண்ணாவே எழுதிடலாம். 2010-ல ஐபேட் வந்துச்சு. 2012-ல ஐபோன் 5 வந்து உயரம் 568 ஆச்சு. 2014-ல அகலமும் மாறிடுச்சு. 2017-ல ஐபோன் எக்ஸ் வந்து தலையில ஒரு வெட்டு வேற. எண்ணை நம்பி எழுதினவன் ஒவ்வொரு செப்டம்பரும் தலையில கை வச்சான்.

இதுக்கு மருந்தா வந்தது ஆட்டோ லேஅவுட். மேக்குக்கு 2011-ல வந்து, ஐபோனுக்கு 2012-ல ஐஓஎஸ் 6-ல வந்துச்சு. இதுல எண்ணைச் சொல்ல வேண்டாம், உறவைச் சொன்னாப் போதும். "இந்தப் பெட்டி அந்தப் பெட்டிக்கு 8 புள்ளி கீழே", "இதோட அகலம் அதோட பாதி" இப்படி. மிச்சத்தை மெஷின் சமன்பாடாக்கி விடை கண்டுபிடிச்சுக்கும்.

யோசனை ரொம்பப் பழசு. 1963-லயே எம்.ஐ.டி.யில ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட்னு ஒரு புரோகிராம் செஞ்சார். ரெண்டு கோடு இணையா இருக்கணும்னு சொன்னா, அது இணையாக்கிக் காட்டும். 1979-ல ஆலன் போர்னிங், திங்லேப்ங்கிற ஆய்வுல இதை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அதே போர்னிங், கிரெக் பேட்ராஸ், பீட்டர் ஸ்டக்கி இவங்க 1990களின் கடைசியில உருவாக்கினதுதான் கேசோவரிங்கிற வழிமுறை. ஆஸ்திரேலியாப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய பறவையோட பேர். அதுக்கு அடிப்படை 1947-ல ஜார்ஜ் டான்ட்சிக் கொடுத்த சிம்ப்ளெக்ஸ் முறை. இன்ஜினியரிங்ல அரியர் வைக்காம தப்பிச்சாப் போதும்னு டேபிள் டேபிளாப் போட்டோமே, அதேதான் :-) அந்தக் கணக்கு என் போன்ல ஓடுதுன்னு அப்ப யாராவது சொல்லியிருந்தா ஒழுங்காப் படிச்சிருப்பேன்.

கேசோவரியில ஒரு அழகு, எல்லா விதிக்கும் ஒரே பலம் கிடையாது. ஆப்பிள் அதை 1-ல இருந்து 1000 வரை எண்ணாக் கொடுத்திருக்கு. 1000-ன்னா மீறவே கூடாது. அதுக்குக் கீழேன்னா, முடிஞ்ச வரைக்கும். ரெண்டு கட்டாய விதி மோதிக்கிட்டா, மெஷின் ஒண்ணை உடைச்சுட்டு நம்ம கிட்ட முறையிடும்.

ஜன்னலும் விதியும் சேர்ற இடத்துலதான் பல பேர் விழுந்திருக்கோம். சாதாரணப் பெட்டிக்குள்ள ஒண்ணை ஓரத்தோட கட்டினா அது அந்தப் பெட்டியோட ஓரம். ஸ்க்ரோல் வியூவுக்குள்ள கட்டினா அது ஜன்னலோட ஓரம் இல்ல, பின்னாடி இருக்கிற சுவரோட ஓரம். அதனால மேல் ஓரத்துல இருந்து கீழ் ஓரம் வரைக்கும் சங்கிலி அறுபடாம இருந்தாத்தான் சுவரோட உயரம் தெரியும். அகலத்தையோ ஜன்னலோட அகலத்துக்குக் கட்டணும். இல்லன்னா வரி மடியாம ரயில் மாதிரி பக்கவாட்டுல ஓடும். இந்தக் குழப்பம் தீர 2017-ல ஐஓஎஸ் 11-ல சுவருக்குத் தனியா, ஜன்னலுக்குத் தனியா ரெண்டு கைப்பிடி கொடுத்தாங்க. 2019-ல வந்த ஸ்விஃப்ட்யூஐ-யில வழியே வேற. அப்பா இடம் சொல்வார், பிள்ளை தனக்கு எவ்வளவு வேணும்னு சொல்லும், அப்பா உட்கார வைப்பார்.

நான் பண்ண தப்பு என்ன? என் போன்ல, சாதாரண எழுத்து அளவுல, மொத்த விதியும் 420 புள்ளி உயரத்துல கச்சிதமா அடங்கிச்சு. அந்த 420-ஐ அப்படியே கட்டாய விதியா எழுதிட்டேன். பெரியப்பா எழுத்தைப் பெருசாக்கினதும் 420-க்குள்ள பாதிதான் அடங்கிச்சு. மிச்சத்துக்குப் பதிலா மூணு புள்ளி. சுவரே 420-ன்னு நான் சொன்ன பிறகு மெஷின் என்ன பண்ணும்? எந்த விதியும் மோதல, எந்த முறையீடும் வரல. மெஷின் கணக்குப்படி எல்லாம் சரி.

நம்ம தமிழுக்கு இது இன்னும் உறைக்கும். "உத்திரமேரூர்" நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் 12 குறி. "கொ"ன்னு போட்டா ஒத்தைக் கொம்பு முன்னாடி, கால் பின்னாடி. குறியை எண்ணி அகலம் கணக்குப் போட்டா உதைக்கும். ஐஓஎஸ் 7-ல, 2013-ல தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் போன்லயே வந்துச்சு. எழுதுற பிரச்சினை ஒருவாறு தீர்ந்துச்சு. ஆனா இங்கிலீஷ் வார்த்தையை வச்சு அளந்து கட்டின பெட்டிக்குள்ள தமிழைத் திணிக்கிற வழக்கம் இன்னும் தீரல. ஆங்கிலம் மட்டும் தெரிஞ்சவன் செஞ்சா மன்னிக்கலாம். நானே தமிழ்ல எழுதி, நானே வெட்டிட்டேன்.

திருத்தம் சின்னது. 420-ஐ எடுத்தேன். சங்கிலியைக் கீழ் ஓரம் வரை கட்டினேன். அகலத்தை ஜன்னலோட கட்டினேன். அழகுக்கு வச்ச ரப்பர் வரியையும் எடுத்துட்டேன். இருக்கிறதுலயே பெரிய எழுத்து அளவை வச்சு, கடைசி வரி வரைக்கும் நானே தள்ளிப் படிச்சேன்.

919-ல எழுதின விதியில வயசு 30-ல இருந்து 60. 921-ல அதை 35-ல இருந்து 70-ன்னு மாத்தி, மத்த விதிகளையும் விரிவா எழுதினாங்க. பழைய கல்லை உடைக்கல. ரெண்டும் அதே சுவர்ல இருக்கு, தேதியோட. நான் என் தப்பை அப்டேட்ல, "சில பிழைகள் திருத்தப்பட்டன"ன்னு ஒத்தை வரியில முடிக்கப் பார்த்தேன். அப்புறம் மனசு கேட்கல. எந்த விதி மறைஞ்சு போச்சு, ஏன் மறைஞ்சுதுன்னு முழுசா எழுதினேன்.

இந்த போன்கள் நம்ம மாவட்டத்துலயே, சுங்குவார்சத்திரத்துல தயாராகுது. எங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணுங்க நிறைய பேர் கம்பெனி பஸ் ஏறிப் போறாங்க. அவங்க கையில செஞ்ச கண்ணாடியில, நம்ம ஊர்க் கல்வெட்டு முழுசாத் தெரியணும். அவ்வளவுதான் ஆசை.

பெரியப்பாவுக்குப் புது வெர்ஷன் போட்டாச்சு. ஜனவரி 26 கிராம சபையில எழுந்து, "போன தடவை நான் சொன்னது தப்பு, தம்பி கேட்டதுதான் சரி"ன்னு சொல்லிட்டு, கடைசி மச்சான் வரைக்கும் படிச்சிருக்கார். படிச்சு முடிச்சதும் கேட்டவர், "அப்ப நம்ம பஞ்சாயத்துக் கணக்கையும் படிச்சிடலாமா?"ன்னாராம்.

டிஸ்கி: உங்க ஆப்ல, உங்க வலைப்பக்கத்துல எழுத்து அளவைப் பெருசாக்கி ஒரு தடவை பாருங்க. எது காணாமப் போச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.