காரின் உடலும் ஒரு கம்பி

எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரித்தார்கள். இன்றும் அதைப் பேணி ஓட்டுவோர் பலர் உளர். அத்தகைய காருக்கு நீங்கள் உரிமையாளரானால், முதலில் அதன் ஆண்டைக் கேட்டறிய வேண்டும். ஏன் தெரியுமா?

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் சுற்றை முடிக்க, காரின் எஃகு உடலே கம்பியாக உதவுகிறது. தொடக்க கால எம்.ஜி.பி.யில் மின்சாரம் தந்தது டைனமோ. பேட்டரியின் நேர்முனை உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. 1967இல் வந்த இரண்டாம் வடிவத்தில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது; உடலுடன் எதிர்முனை இணைக்கப்பட்டது. ஆல்டர்னேட்டரிலுள்ள டையோடுகள் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். ஆண்டறியாது பேட்டரியை முனை மாற்றி இணைத்தால் அவை எரிந்துபோகும்.

முனை சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பிச் சுழல்கிறதா? பேட்டரிக் கம்பி உடலைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே துருவினால் 0.01 ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுத்தால், ஓம் விதிப்படி 2 வோல்ட் அவ்விடத்திலேயே வீணாகும். 4 ஆம்பியர் இழுக்கும் விளக்கை மட்டும் போட்டால் இழப்பு 0.04 வோல்ட்தான். விளக்கு நன்றாக எரிய, ஸ்டார்ட்டர் திணறும் விந்தைக்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே புதிய பேட்டரி வாங்குமுன் உப்புத்தாளால் துருவைத் தேய்த்துப் பாருங்கள்.