குப்புறப் படுக்க வைத்த காலம்

கைக்குழந்தையை எப்படித் தூங்க வைப்பது என்ற கேள்வியில் மேற்கு நாடுகள் சுமார் 35 ஆண்டுகள் தவறான பதிலைப் பின்பற்றின. கேட்க நியாயமாக இருந்த ஒரு காரணத்தை, நடந்த மரணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தவறியதன் விளைவு அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-ல் எழுதிய வளர்ப்பு நூல் கோடிக்கணக்கில் விற்றது. 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளிலிருந்து அது, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. மல்லாக்கப் படுத்த குழந்தை வாந்தி எடுத்தால் புரையேறும், தலையும் ஒரு பக்கம் தட்டையாகும் என்பவை அதன் காரணங்கள். குறைமாதக் குழந்தைகள் குப்புறப் படுத்தால் நன்றாக மூச்சு விடுவதை மருத்துவமனைகளும் கண்டிருந்தன. கண்காணிப்பில் இருக்கும் குழந்தைக்குப் பொருந்தியது வீட்டில் தனியே தூங்கும் குழந்தைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதற்கு எதிரான சான்றுகள் முன்பே இருந்தன. மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளில் பலர் குப்புறக் கிடந்ததை நியூயார்க்கில் ஹெரால்ட் ஆப்ராம்சன் 1944-லேயே பதிவு செய்தார். ரூத் கில்பர்ட் குழுவினர் 2005-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, 1970-க்குள் வெளியானவையே ஆபத்தைக் காட்டப் போதுமானவை என்று தெரிந்தது. அன்றே கவனித்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரலேசியாவில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள் என்பது அவர்கள் கணிப்பு.

மாற்றம் மெல்ல வந்தது. மல்லாக்கத் தூங்க வைக்கும் வழக்கமுள்ள ஹாங்காங்கில் தொட்டில் மரணம், அதாவது தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை திடீரென இறப்பது, அரிது என்று 1985-ல் ஒரு கட்டுரை சுட்டியது. 1987-ல் நெதர்லாந்தில் குஸ் டி யோங்கே பெற்றோரை எச்சரித்தார். 1990-ல் பிரிஸ்டலில் பீட்டர் ஃபிளெமிங் குழுவின் ஆய்வும் அதே ஆபத்தைக் காட்டியது. அடுத்த ஆண்டே பிரிட்டன் பிரசாரத்தைத் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் அறிவுரையை மாற்றியது. 1994-ல் நாடு தழுவிய இயக்கம் பிறந்தது. 1992-ல் 1,000 பிறப்புக்கு 1.2 ஆக இருந்த அந்நாட்டின் இத்தகைய திடீர் மரண விகிதம், பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதியானது.

இறப்புச் சான்றிதழில் காரணத்தை வேறு பெயரில் எழுதியதால்தான் எண்ணிக்கை குறைந்தது என்பார் உண்டு. பிற்காலத்துக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 1990களில், ஒரு மாதம் கடந்த குழந்தைகளின் மொத்த இறப்பே குறைந்தது. பெயர் மாற்றத்தால் அது நடக்காது. புரையேறும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. மல்லாக்கப் படுக்கையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருப்பதால், எதுக்களித்த பால் எளிதில் அதற்குள் போகாது. வழக்கம் மாறிய பிறகு புரையேறி இறப்பவர்கள் கூடவும் இல்லை. தலை தட்டையாவது மட்டும் உண்மையாகவே அதிகரித்தது. விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து சற்று நேரம் குப்புறப் போட்டால் அது பெரும்பாலும் சரியாகும். உயிரோடு ஒப்பிட இது சிறிய விலை.

மருத்துவர்களே ஒருமுறை மாற்றிச் சொன்னபின் எந்த அறிவுரையை நம்புவது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அன்றைய அறிவுரையின் பின்னால் ஓர் ஊகம் இருந்தது. இன்றையதன் பின்னால் பல நாடுகளின் மரணக் கணக்கு இருக்கிறது. ஒரு வயது வரை மல்லாக்க, சமதளமான கெட்டிப் படுக்கையில், தலையணையோ மெத்தென்ற பொம்மையோ இல்லாமல் தூங்க வைக்கச் சொல்வது அந்தக் கணக்குதான். சாய்வுப் படுக்கைகளையும் தொட்டிலின் ஓரத்தில் கட்டும் மெத்தைகளையும் அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டுத் தடுத்ததும் அதனால்தான். குழந்தைக்கு இதம் என்று சொல்லி விற்ற பொருள்கள் அவை. குழந்தைக்காக எதை வாங்கும்போதும், அது எவ்வளவு இதமானது என்பதற்கு முன்பு, அதில் தூங்கிய குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பதே இந்த வரலாறு பெற்றோருக்குத் தரும் பாடம்.