பணத்தின் ஆதிக்கமும் இறைப்பற்றும்: தஞ்சையில் சுவார்ட்சு ஐயர்

முன்னுரை

செல்வப் பற்றும் இறைப்பற்றும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே குடியிருத்தல் அரிது என்பது இயேசுவின் மலைப்பொழிவு வலியுறுத்தும் கருத்தாகும். இது தனிமனித ஒழுக்கம் பற்றியது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. ஆயின், பணமே அரசியலை நடத்திய ஒரு காலத்தில் இவ்வொழுக்கம் பொதுவாழ்விலும் பயன் விளைத்ததைக் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு (1726–1798) என்னும் செருமானிய சமயப் பணியாளரின் வாழ்வு காட்டுகிறது. அப்பயனையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காலப் பின்னணி

சுவார்ட்சு 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். திருச்சிராப்பள்ளியில் பணியாற்றியபின் 1778இல் தஞ்சையில் தங்கலானார். அக்காலத் தஞ்சை, கடன்காரர்களின் வேட்டைக்காடாக இருந்தது. ஆர்க்காட்டு நவாப் 1773இல் கம்பெனிப் படையின் துணையுடன் தஞ்சையைக் கைப்பற்றினார். 1776இல் அது மன்னர் துளசாவிடம் திருப்பியளிக்கப்பட்டபோது, கம்பெனி ஊழியர் பால் பென்பீல்டு, தாம் நவாபுக்குக் கொடுத்த கடனுக்காக ஏறத்தாழ 2,30,000 பவுன் தஞ்சை வருவாயிலிருந்து தமக்குச் சேரவேண்டும் என உரிமை கோரினார். இப்பூசல் முற்றியதில் ஆளுநர் பிகட் பிரபு தம் ஆட்சிமன்றத்தாராலேயே சிறைப்படுத்தப்பட்டு, 1777இல் காவலிலேயே இறந்தார். கம்பெனி ஊழியர் அன்பளிப்புப் பெறுவதை 1773ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும் கைகள் நீண்டுகொண்டேயிருந்தன.

ஐதர் அலியின் பணப்பை

1779இல் சென்னை அரசு ஐதர் அலியிடம் தூது செல்லுமாறு சுவார்ட்சை வேண்டியது. சீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்புகையில் ஐதர் வழிச்செலவுக்கென 300 ரூபாய் அனுப்பினார். தம் செலவைச் சென்னை அரசே ஏற்றுள்ளது எனக் கூறி மறுத்தும், வாங்காமலிருப்பது முறையன்று என வற்புறுத்தப்பட்டதால் சுவார்ட்சு அதைப் பெற்றார். பின்னர் அத்தொகையை அரசிடமே ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அரசு கூறியபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளி ஒன்றுக்கு அதனை முதலாக்க இசைவு வேண்டினார்.

சொல்லே பிணையாதல்

இவ்வொழுக்கத்தின் பொதுப்பயன் அடுத்துவந்த போரில் வெளிப்பட்டது. ஐதரின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் சூழ்ந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால் அதைக் கொணர வண்டிமாடுகள் இல்லை. முன்னர் மாடுகளைக் கொடுத்துக் கூலி பெறாத உழவர்கள், மன்னரையும் நம்பவில்லை, ஆங்கிலேயரையும் நம்பவில்லை. கூலிக்குத் தாமே பொறுப்பு எனச் சுவார்ட்சு எழுதியனுப்பியதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியம் கோட்டையை அடைந்தது. எல்லாம் முடிந்தபின் அவர் பேசியபடியே கூலி கொடுத்தார். 1794இல் எழுதிய கடிதமொன்றில் அவரே இதனைப் பதிவுசெய்துள்ளார். அரசாணையால் இயலாததை ஓர் ஏழைப் பாதிரியாரின் சொல் நிறைவேற்றியது.

எல்லை

எனினும் அவர் கம்பெனிக்கு முற்றிலும் புறத்தே நின்றவரல்லர். திருச்சிராப்பள்ளிப் படைவீரர்களுக்குச் சமயப் பணியாற்றியதற்காக ஆண்டுக்கு 100 பவுன் கம்பெனியிடமிருந்து பெற்றார். அவர் அமைதித் தூது சென்ற மறு ஆண்டே போர் மூண்டது. நெல் வந்து சேர்ந்த கோட்டையும் கம்பெனிப் படையின் காவலில் இருந்ததே. பணத்தைப் பொருட்படுத்தாதவர் ஈட்டிய நன்மதிப்பு, பணமீட்டும் நிறுவனத்திற்கு முதலாயிற்று. சென்னைப் புனித மேரி ஆலயத்தில் கம்பெனி அவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இம்முரணுக்குச் சான்றாகிறது.

முடிவுரை

திருமணம் செய்யாது வாழ்ந்த சுவார்ட்சு தம் உடைமையைச் சமயப் பணிக்கே விட்டுச் சென்றார். அவர் பேணி வளர்த்த மன்னர் இரண்டாம் சரபோசி, சிற்பி பிளாக்ஸ்மன் வடித்த பளிங்குச் சிற்பத்தைத் தஞ்சை ஆலயத்தில் நிறுவினார். பளிங்கினும் உறுதியான சான்று, மாடுகளை ஓட்டி வந்த உழவர்களின் நம்பிக்கையே. பிறருடைய பணத்திற்கு விலைபோகாதவர் என்று மக்கள் அறிந்திருந்ததாலேயே அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அச்சொல் யாருக்குப் பயன்பட்டது என்னும் வினாவையும் வரலாறு உடன் எழுப்புகிறது.