ஆர்கிட் அடையாள எண்

ஆர்கிட் என்பது, ஒரே பெயருடைய ஆய்வாளர்களை வேறுபடுத்தவும் ஒருவருடைய வெளியீடுகளைப் பிழையின்றி அவர் பெயரில் சேர்க்கவும் வழங்கப்படும் நிலையான எண்ணும், அதனோடு இணைந்த இணையவழித் தன்விவரப் பக்கமும் ஆகும். இலாப நோக்கற்ற அமைப்பொன்று 2012 அக்டோபரில் தொடங்கிய இப்பதிவேட்டில் ஆய்வாளர்கள் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். நான்கு நான்காகப் பிரித்தெழுதப்படும் 16 இடங்களில் இறுதியிலுள்ளது சரிபார்ப்புக் குறி, அதாவது முந்தைய 15 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்பட்டுத் தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுப்பது. கணக்கின் விடை 10 ஆனால் அவ்விடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இடப்படும்.

குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழர் பெயர்கள் பன்னாட்டு இதழ்களில் முன்பின்னாக மாறி அச்சாவதுண்டாதலால், இவ்வெண்ணின் பயன் அவர்களுக்குச் சற்றுக் கூடுதலே. பெயரின் மாற்று வடிவங்களையும் பக்கத்தில் பதியலாம்.

பராமரிப்பின் பெரும்பகுதி தானாகவே நடைபெறக்கூடியது: கட்டுரையை அனுப்பும்போதே எண்ணைக் குறிப்பிட்டு, கிராஸ்ரெஃப் என்னும் பதிவு நிறுவனத்திற்கு ஒருமுறை இசைவளித்துவிட்டால், வெளியீட்டாளர் அவ்வெண்ணுடன் பதிவு செய்யும் கட்டுரைகள் தாமாகவே பக்கத்தில் சேரும். ஒவ்வொரு விவரத்தையும் அனைவரும் காண்பதா, இசைவு பெற்ற நிறுவனங்கள் மட்டும் காண்பதா, உரியவர் மட்டும் காண்பதா என்பதை ஆய்வாளரே வரையறுக்கலாம். பணியிட மின்னஞ்சலை மட்டும் கொடுத்தவர், பணி மாறியபின் கணக்கில் நுழைய இயலாது இன்னொரு எண்ணைப் பெற்றுவிடக்கூடுமாதலால், தனிப்பட்ட மின்னஞ்சலையும் தொடக்கத்திலேயே இணைத்துவைப்பது இன்றியமையாதது.